சங்க்டு முறையில் ஏற்றும் கோப்பு சர்வரில் 10 பைட்டோடு நின்றுவிடுகிறது, பதிலோ 201 (வெற்றி)

நடுநிசி_நிரலர் கேட்டது:

வணக்கம். வெளித் தொகுப்புகள் எதையும் நிறுவ அனுமதி இல்லாத ஒரு கருவிக்காக, சாக்கெட்டுக்கு (நெட்வொர்க் இணைப்பின் முனைக்கு) நேர் மேலே அமரும் சிறிய எச்டிடிபி கிளையன்ட் லைப்ரரி ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். கருவியில் சேரும் லாக் கோப்புகளை ஜிஜிப் முறையில் சுருக்கியபடியே சர்வருக்கு ஏற்றுவதுதான் அதன் முதன்மையான வேலை. கோப்புகள் பெரியவை, கருவியின் நினைவகம் சிறியது, சுருக்கிய பின் எத்தனை பைட் வரும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே தரவின் நீளத்தை முன்கூட்டிச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெட்டரை விட்டுவிட்டு, டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்: சங்க்டு என்று அறிவித்து, உடற்பகுதியை, அதாவது கோரிக்கையின் தரவுப் பகுதியை, துண்டு துண்டாக அனுப்புகிறேன்.

லைப்ரரி ஒரு ஜெனரேட்டரை, அதாவது கேட்கக் கேட்க ஒவ்வொரு துண்டாகத் தரவைத் தரும் பைத்தான் அமைப்பை, பெற்றுக்கொள்கிறது. அந்த ஜெனரேட்டர் கோப்பிலிருந்து 8,192 பைட்களாகப் படித்து ஸெட்லிப் என்ற சுருக்கும் லைப்ரரியின் சுருக்கியிடம் கொடுத்து, அது திருப்பித் தருவதை அப்படியே வெளியிடுகிறது. கோப்பு தீர்ந்ததும் சுருக்கியில் மிச்சம் இருப்பதை வெளியேற்றும் ஃப்ளஷ் தருவதையும் வெளியிட்டுவிட்டு முடிகிறது. வெளிவரும் ஒவ்வொன்றுக்கும் லைப்ரரி சாக்கெட்டில் நான்கு முறை எழுதுகிறது: நீளம் ஹெக்ஸ் (16 அடிமான) எண்ணாக, வரிமுடிவு, தரவு, மீண்டும் வரிமுடிவு. எல்லாம் தீர்ந்ததும் 0, வரிமுடிவு, வரிமுடிவு. இந்தக் கடைசி மூன்றையும் ஃபைனலி பகுதியில், அதாவது பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் பகுதியில், வைத்திருக்கிறேன். நடுவில் எது தவறினாலும் இணைப்பு ஒழுங்காக முடிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தேன்.

சோதனைகளில் இரண்டு மூன்று கிலோபைட் கோப்புகளை வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே போய்ச் சேர்ந்தன. உண்மையான லாக் கோப்புகளை ஏற்றத் தொடங்கியதும், எந்தக் கோப்பாக இருந்தாலும் சர்வரில் சரியாக 10 பைட் மட்டுமே பதிவாகிறது. 9 அல்ல, 11 அல்ல, ஒவ்வொரு முறையும் 10. சர்வர் 201 என்று பதில் தருகிறது, என் லைப்ரரி மகிழ்ச்சியோடு திரும்பிவிடுகிறது. கோப்பை விரித்துப் பார்த்தால்தான் எதிர்பாராத இடத்தில் முடிந்துவிட்டது என்று ஜிஜிப் புலம்புகிறது.

இன்னொன்றும் நடக்கிறது, அது தொடர்புடையதா என்று தெரியவில்லை. கோப்பு ஏற்றிய அதே இணைப்பை அடுத்த கோரிக்கைக்கு மறுபயன்பாடு செய்யும்போது, ஒரு சாதாரண கெட் கோரிக்கைக்குக்கூடச் சில நேரம் 400 (தவறான கோரிக்கை) வருகிறது. சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளின் அணுகல் லாக்கைப் பார்த்தேன். கோப்பு ஏற்றிய வரிக்கு அடுத்து, கோரிக்கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 0 என்றும் அதன் பக்கத்தில் 400 என்றும் ஒரு வரி இருக்கிறது. இரண்டு நாட்களாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கே தேட வேண்டும் என்று யாராவது சொல்ல இயலுமா?


கம்பிவழி பதிலளித்தது:

அந்த லாக் வரியிலேயே விடை இருக்கிறது. இரண்டும் ஒரே பிழைதான்.

முதலில் அந்த 10 பைட் என்ன என்று பாருங்கள். ஜிஜிப் வடிவத்தின் முன்பகுதி, கோப்பின் பெயர் போன்ற கூடுதல் விவரங்கள் இல்லாதபோது, சரியாக 10 பைட். ஸெட்லிப்பின் சுருக்கியிடம் முதல் 8,192 பைட்டைக் கொடுத்தவுடன் அது இந்த முன்பகுதியை மட்டும் திருப்பித் தருகிறது. தரவை உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு தொகுதி நிறையும்வரை காத்திருக்கிறது. இரண்டாவது 8,192 பைட்டைக் கொடுக்கும்போது அது திருப்பித் தருவது வெற்று பைட் சரம். அது பிழை அல்ல, ‘இப்போதைக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை’ என்பதே அதற்குப் பொருள். உங்கள் ஜெனரேட்டர் அந்த வெறுமையையும் ஒரு துண்டாக வெளியிடுகிறது. லைப்ரரியோ அதற்கு நீளம் 0 என்று எழுதி, வரிமுடிவு போட்டு, ஒன்றுமில்லாத தரவை எழுதி, மீண்டும் வரிமுடிவு போடுகிறது. அது எழுத்துக்கு எழுத்து உடற்பகுதியின் முடிவுக் குறியேதான்.

கம்பியில் முதலில் போனதை ⏎ என்ற குறியை வரிமுடிவாகக் கொண்டு எழுதினால் இப்படி இருக்கும் (பத்துக்கான ஹெக்ஸ் எழுத்தை ஏ என்று எழுதியிருக்கிறேன்):

ஏ⏎
…ஜிஜிப் முன்பகுதியின் 10 பைட்…⏎
0⏎
⏎
0⏎
⏎
0⏎
⏎

முதல் 0-வோடு சர்வரைப் பொறுத்தவரை உங்கள் கோரிக்கை முழுமையாக வந்து சேர்ந்துவிட்டது. 10 பைட்டைப் பதிந்துகொண்டு 201 என்று சொல்வதில் அதன் மேல் ஒரு தவறும் இல்லை. அடுத்து வரும் 0 என்ற வரியை அது புதிய கோரிக்கையின் முதல் வரி என்று எண்ணிப் படிக்கிறது. எந்த மெத்தடின் (கெட், புட் போன்ற கோரிக்கை வகையின்) பெயரும் எண்ணில் தொடங்குவதில்லை என்று என்ஜின்எக்ஸ் கொள்வதால் 400 என்று எழுதி இணைப்பை மூடுகிறது. நீங்கள் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகே பதிலைப் படிக்கிறீர்கள். முதலில் கிடைப்பது 201; அத்தோடு திரும்பி, பின்னால் வந்த 400 சாக்கெட்டில் கிடக்கும்போதே இணைப்பை மறுபயன்பாட்டுக்கான இணைப்புத் தொகுப்பில் போட்டுவிடுகிறீர்கள். அடுத்து அந்த இணைப்பை எடுக்கும் கெட் கோரிக்கை, தனக்கு வந்தது அல்லாத பதிலைத் தன்னுடையது என்று எடுத்துப் படிக்கிறது.

சிறிய கோப்புகள் ஏன் தப்பின என்பதும் இப்போது தெரியும். 8,192 பைட்டுக்குள் இருந்தால் ஒரே படிப்பு, பிறகு நேரே ஃப்ளஷ். நடுவில் வெற்றுத் துண்டு வர வழியே இல்லை.

திருத்தம் ஒரே வரி: துண்டு வெற்றாக இருந்தால் எழுதாமல் அடுத்ததற்குப் போக வேண்டும். ஆனால் அதை ஜெனரேட்டரில் செய்யாதீர்கள், லைப்ரரியில் செய்யுங்கள். ஜெனரேட்டரை எழுதுபவர் எச்டிடிபி-யின் முடிவுக் குறியை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. பைத்தானோடு வரும் எச்டிடிபி கிளையன்ட் மாட்யூலும் யுஆர்எல்லிப்3 என்ற லைப்ரரியும் வெற்றுத் துண்டைத் தாமே தவிர்க்கின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்து நீங்கள் எழுதியதில் இன்னொன்று இருக்கிறது: அந்த ஃபைனலி. கோப்பைப் படிக்கும்போது பாதியில் வட்டுப் பிழை வந்து ஜெனரேட்டர் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எறிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைனலி அப்போதும் 0-வை அனுப்பும். பாதிக் கோப்பை முழுக் கோப்பு என்று சர்வரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு அது சமம். சங்க்டு முறையில் வந்த உடற்பகுதி, நீளம் 0 கொண்ட கடைசித் துண்டு வராதவரை முழுமையற்றது என்பது எச்டிடிபி 1.1-இன் இப்போதைய வரையறையான ஆர்எஃப்சி 9112 (2022) தெளிவாகவே சொல்லும் விதி. பாதியில் தவறினால் அந்த 0-வை அனுப்பாமல் சாக்கெட்டை மூடிவிடுவதே நேர்மையான வழி. ஆகவே 0 எழுதும் வரி, ஜெனரேட்டர் இயல்பாக முடிந்த பாதையில் மட்டும் இருக்க வேண்டும். எக்செப்ஷன் வந்த பாதையில் சாக்கெட்டை மூடி, இணைப்பைத் தொகுப்புக்குத் திருப்பாமல் எறிந்துவிட வேண்டும்.


மூன்றாம்_மாடி பதிலளித்தது:

மேலே சொன்னது சரி. ஆனால் கேள்வியை ஒரு படி பின்னால் இருந்து கேட்க விரும்புகிறேன்: சங்க்டு முறை இங்கே தேவைதானா?

சங்க்டு முறையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எச்டிடிபி 1.1 பேசும் எல்லோருக்கும் விதி இருக்கிறது. பதில்களில் அது தடையின்றி ஓடுகிறது, உலாவிகள் நாள் முழுவதும் அதைப் படிக்கின்றன. கோரிக்கைகளில் நிலைமை வேறு. என்ஜின்எக்ஸே 2012-இல் வந்த 1.3.9 பதிப்புக்கு முன்னால் சங்க்டு கோரிக்கைக்கு 411 என்று, அதாவது நீளம் சொல்லாமல் வராதே என்று, திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-க்கு ஒரு புட் கோரிக்கையை வெறும் சங்க்டு முறையில் அனுப்பினால் 501 (ஆதரவு இல்லை) வரும். அங்கே ஏடபிள்யூஎஸ்-சங்க்டு என்று ஒன்று உண்டு, ஆனால் அது ஒவ்வொரு துண்டோடும் கையொப்பத்தைச் சேர்க்கக்கூடிய வேறு வடிவம், பெயர் ஒற்றுமையை நம்பி ஏமாறக் கூடாது. டபிள்யூஎஸ்ஜிஐ என்ற சர்வர் இடைமுகம் வழியாக ஓடும் பைத்தான் வலைச் சட்டகமான ஜாங்கோ, கன்டென்ட்-லெங்த் இல்லாத கோரிக்கையின் நீளத்தை 0 என்று எடுத்துக்கொள்கிறது. பிழை எதுவும் காட்டாமல் உடற்பகுதி வெறுமையாகத் தெரியும். முன்னால் என்ஜின்எக்ஸ் இயல்பான அமைப்பில் இருந்தால் அது முழு உடற்பகுதியையும் சேர்த்துவைத்து, நீளத்தைக் கணக்கிட்டுப் பின்னால் அனுப்புவதால் இந்தக் குறை மறைந்துவிடும். அதனால்தான் ஒரே நிரல் சர்வரில் வேலை செய்து, மடிக்கணினியில் ஜாங்கோவை நேரடியாக அழைக்கும்போது செய்யாமல் போவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள்.

ஆகவே நீளம் தெரிந்த எதற்கும் கன்டென்ட்-லெங்த் அனுப்புவதே முதல் வழியாக இருக்கட்டும். தெரியாதபோது மட்டும் சங்க்டு. லைப்ரரி இந்த முடிவைத் தானே எடுக்க வேண்டும். பைட் சரம் வந்தால் நீளம் தெரியும், சாதாரணக் கோப்பு வந்தால் கோப்பின் அளவிலிருந்து தற்போதைய இடத்தைக் கழித்தால் தெரியும், ஜெனரேட்டர் வந்தால் தெரியாது. கழிப்பதை மறந்துவிடாதீர்கள். முதல் சில பைட்டைப் படித்துப் பார்த்துவிட்டுக் கோப்பைக் கொடுப்பவர்கள் உண்டு.

இரண்டையும் ஒருசேர அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. பயனர் கையால் கன்டென்ட்-லெங்த் போட்டு ஜெனரேட்டரையும் கொடுத்தால், ‘அவர் போட்டது இருக்கட்டும், நாமும் சங்க்டு சேர்ப்போம்’ என்று லைப்ரரி நடந்துகொள்ளக் கூடாது. இரண்டு ஹெட்டர்களும் வந்தால் முன்னால் உள்ள சர்வர் ஒன்றையும் பின்னால் உள்ளது மற்றொன்றையும் நம்பி, ஒரே பைட் வரிசையை இருவேறு இடங்களில் வெட்டக்கூடும். கோரிக்கைக் கடத்தல் என்று 2005-இல் விவரிக்கப்பட்டு, 2019-இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் கெட்டிலின் ஆய்வுக்குப் பிறகு மீண்டும் பரவலாகப் பேசப்பட்ட தாக்குதலின் அடிப்படையே அதுதான். உங்கள் 0 வரி அடுத்த கோரிக்கையாகப் படிக்கப்பட்டதும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. நீங்கள் தெரியாமல் உங்களுக்கே செய்துகொண்டீர்கள், அவ்வளவுதான்.

கருவியில் ஒரு தற்காலிகக் கோப்புக்கு இடம் இருந்தால், அதில் சுருக்கி எழுதி, அளவு பார்த்து, கன்டென்ட்-லெங்த் போட்டு அனுப்புங்கள் என்பதே என் பரிந்துரை.


நடுநிசி_நிரலர் பதிலளித்தது:

இருவருக்கும் நன்றி. வெற்றுத் துண்டைத் தவிர்த்த உடனே 10 பைட் சிக்கல் தீர்ந்தது, அதோடு அந்த 400-உம் மறைந்தது. ஃபைனலியில் இருந்த 0-வையும் எடுத்துவிட்டேன். சோதனைக்காக ஜெனரேட்டரின் நடுவில் வேண்டுமென்றே ஓர் எக்செப்ஷனை எறிந்து பார்த்தேன். இப்போது சர்வரில் கோப்பே பதிவாகவில்லை. முன்பு அதே சோதனையில் பாதிக் கோப்பு 201-ஓடு பதிவாகியிருந்தது. இதற்கு முன் எத்தனை பாதிக் கோப்புகள் போயிருக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

தற்காலிகக் கோப்புக்கு இந்தக் கருவியில் இடம் இல்லை. தவிர, ஏற்றும்போதே லாக் கோப்பு வளர்ந்துகொண்டிருக்கும். சுருக்காமல் அனுப்புவதாக இருந்தாலும், தொடக்கத்தில் பார்த்த அளவும் முடிவில் அனுப்பும் அளவும் ஒன்றாக இருக்கும் என்று நான் உறுதி தர முடியாது. ஆகவே இந்த இடத்தில் சங்க்டு முறையையே வைத்துக்கொள்கிறேன். மற்ற இடங்களில் உங்கள் ஆலோசனைப்படி நீளத்தைக் கண்டறிந்து அனுப்ப மாற்றிவிட்டேன்.

ஆனால் இதைச் சரிசெய்து முடித்தபின் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. லைப்ரரியைப் பயன்படுத்தும் சக ஊழியர் ஒருவர் பைட்களுக்குப் பதிலாக எழுத்துச் சரங்களை வெளியிடும் ஜெனரேட்டரைக் கொடுத்தார். எழுதும்போது நான் அதை யுடிஎஃப்-8 பைட்களாக மாற்றி அனுப்புகிறேன். ஆங்கில வரிகள் எல்லாம் போகின்றன. ‘வணக்கம்’ என்று ஒரே சொல்லை அனுப்பினால் 400 வருகிறது.


கம்பிவழி பதிலளித்தது:

நீளத்தை மாற்றுவதற்கு முன் எடுக்கிறீர்களா, மாற்றிய பின் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். முன் எடுத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

‘வணக்கம்’ என்ற சொல் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தானுக்கு அது ஏழு: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் கம்பியில் அது 21 பைட். நீங்கள் 7 என்று அறிவித்து 21 பைட்டை அனுப்புகிறீர்கள். சர்வர் ஏழு பைட்டை எண்ணி எடுக்கிறது: வ-வுக்கு மூன்று, ண-வுக்கு மூன்று, க-வின் முதல் பைட்டான 224. அதோடு துண்டு முடிந்தது என்று எண்ணி, வரிமுடிவுக்குரிய 13, 10 ஆகிய பைட்களை எதிர்பார்க்கிறது. அங்கே இருப்பதோ க-வின் இரண்டாவது பைட்டான 174. 400 வராமல் என்ன செய்யும்? சரியான அறிவிப்பு 15. 21-க்கு ஹெக்ஸில் 15.

ஆங்கிலத்தில் எழுத்தும் பைட்டும் ஒன்றாகவே இருப்பதால் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். லைப்ரரிகளின் சோதனைத் தொகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்லையாவது வைக்க வேண்டும் என்று நான் எங்கு போனாலும் சொல்வதற்கு மொழிப்பற்று மட்டும் காரணம் அல்ல.

என் தனிப்பட்ட விருப்பம், எழுத்துச் சரம் வந்தால் லைப்ரரி மாற்றிக் கொடுக்கவே கூடாது. வகைப் பிழை என்று மறுத்துவிட வேண்டும். எந்த என்கோடிங்கில் அனுப்புவது என்பது கன்டென்ட்-டைப் ஹெட்டரோடு சேர்ந்த முடிவு, அது அனுப்புபவருடையது. ஆனால் உங்கள் சக ஊழியர்கள் ஏற்கெனவே பழகிவிட்டிருந்தால், மாற்றிய பிறகு நீளம் எடுங்கள், வெறுமையா என்ற சோதனையையும் மாற்றிய பிறகே செய்யுங்கள்.


தூண்டில் பதிலளித்தது:

தாமதமாக வருகிறேன். துண்டுகளைச் சரியாக எழுதுவது பாதி வேலைதான். எழுதிக்கொண்டிருக்கும்போதே சர்வர் பேசத் தொடங்கினால் என்ன செய்வது என்பதை இதுவரை யாரும் தொடவில்லை.

என்ஜின்எக்ஸில் கோரிக்கை உடற்பகுதியின் வரம்பு, யாரும் மாற்றாதவரை, ஒரு மெகாபைட். கன்டென்ட்-லெங்த் இருந்தால் ஹெட்டரைப் பார்த்த உடனே அது 413, அதாவது உடற்பகுதி மிகப் பெரிது, என்று சொல்லிவிடும். சங்க்டு முறையில் எவ்வளவு வரப்போகிறது என்று அதற்கும் தெரியாது; துண்டுகளைக் கூட்டிக்கொண்டே வந்து, வரம்பைத் தாண்டிய கணத்தில்தான் மறுக்கும். அப்போது நீங்கள் இன்னும் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அது இணைப்பை மூடிய பிறகும் நீங்கள் எழுதினால் மறுமுனையிலிருந்து ஆர்எஸ்டி (இணைப்பை உடனே துண்டிக்கும் செய்தி) வரும், உங்கள் பக்கம் எழுதும் அழைப்பு உடைந்த குழாய் என்றோ இணைப்பு மீளமைக்கப்பட்டது என்றோ தவறும். பல லைப்ரரிகள் அந்த இடத்திலேயே எக்செப்ஷனை எறிந்துவிட, சர்வர் தெளிவாக எழுதியனுப்பிய 413 படிக்கப்படாமலேயே போகிறது. பயனருக்குக் கிடைப்பது ‘நெட்வொர்க் சரியில்லை’ என்ற பொய்யான செய்தி. அதை நம்பி அவர் மறுமுயற்சி செய்வார், மீண்டும் ஒரு மெகாபைட் வரை போய் மீண்டும் அதே இடத்தில் முட்டுவார்.

உடற்பகுதியை அனுப்பும் கிளையன்ட், பிழைப் பதில் வருகிறதா என்று இணைப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஆர்எஃப்சி 9112-இன் பரிந்துரை. நடைமுறையில், ஒவ்வொரு துண்டை எழுதும் முன்னும் சாக்கெட்டில் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று காத்திருப்பு இல்லாமல் ஒரு முறை பார்த்தால் போதும். வெறும் சாக்கெட்டில் இது எளிது. மறையாக்க அடுக்கான டிஎல்எஸ் இருந்தால் படிக்க இருப்பது பதில்தான் என்று சொல்ல முடியாது, கைகுலுக்கலுக்குப் பிந்தைய செய்தியாகவும் இருக்கலாம் என்பதால் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. எழுதும்போது தவறினால், எறிவதற்கு முன் ஒரு முறை படிக்க முயன்று பாருங்கள். பதில் கிடைத்தால் அதையே பயனரிடம் கொடுங்கள். எப்படி ஆனாலும் உடற்பகுதி முழுதாகப் போகாத அந்த இணைப்பு மறுபயன்பாட்டுக்கு உதவாது.

உடற்பகுதியை அனுப்பலாமா என்று முதலில் கேட்கும் எக்ஸ்பெக்ட்: 100-கன்டினியூ ஹெட்டர் இதற்கு ஓரளவு உதவும், ஆனால் அதை எல்லாச் சர்வர்களும் மதிப்பதில்லை, கர்ல் என்ற கிளையன்ட் ஒரு விநாடி காத்துப் பார்த்துவிட்டுப் பதில் வராவிட்டாலும் அனுப்பத் தொடங்கிவிடும். நீங்களும் காத்திருப்புக்கு எல்லை வையுங்கள்.

அடுத்தது மறுமுயற்சி. ஜெனரேட்டர் ஒரு முறைதான் ஓடும். 307 அல்லது 308 ரீடைரக்ட் வந்தால் அதே உடற்பகுதியை வேறு முகவரிக்கு மீண்டும் அனுப்ப வேண்டும். டைஜஸ்ட் உள்நுழைவு முறையில் 401 (அடையாளம் காட்டு) வந்தாலும் அப்படியே. தீர்ந்துபோன ஜெனரேட்டரைக் கொண்டு மீண்டும் அனுப்பினால் என்ன ஆகும்? உடனே 0 போகும், சர்வர் வெற்று உடற்பகுதியை 201-ஓடு வாங்கிக்கொள்ளும். உங்கள் முதல் சிக்கலைவிட மோசம், அதில் பத்து பைட்டாவது போய்ச் சேர்ந்தது. கோ மொழியில் இதற்கென்றே கோரிக்கையில் கெட்பாடி என்ற செயற்கூறு இருக்கிறது. உடற்பகுதியைப் புதிதாகத் தொடக்கத்திலிருந்து தரக்கூடியது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி, தொடக்கத்துக்குத் திருப்ப முடியாத உடற்பகுதி என்று தெரிந்தால் ரீடைரக்டைப் பின்தொடராமல் பிழை எறிகிறது. நீங்களும் ஜெனரேட்டரை வாங்காமல், அழைக்கும்போதெல்லாம் புதிய ஜெனரேட்டரைத் தரும் செயற்கூறை வாங்குமாறு அமைத்தால் நல்லது. வெறும் ஜெனரேட்டரைக் கொடுத்தவருக்கு மறுமுயற்சி கிடையாது என்று வெளிப்படையாக மறுத்துவிடலாம்.

கடைசியாக, ஒரு துண்டுக்கு நான்கு முறை சாக்கெட்டில் எழுதுவதாகச் சொன்னீர்கள். சிறு தரவுகளைச் சேர்த்து அனுப்பும் நேகல் வழிமுறை இயங்கும் சாக்கெட்டில், முதலில் எழுதிய சில பைட்டுக்கு ஒப்புகை வரும்வரை அடுத்து எழுதும் சில பைட் காத்திருக்கும். மறுமுனை லினக்ஸாக இருந்து ஒப்புகையைத் தள்ளிப்போட்டால் 40 மில்லிவிநாடி வரை வீணாகும். நான்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே முறை எழுதுங்கள். சிறு துண்டுகளைச் சேர்த்து 16,384 பைட் வரை திரட்டி அனுப்புவதும் நல்லது, ஏனென்றால் ஒரு டிஎல்எஸ் பதிவு ஏற்கும் உச்ச அளவு அதுதான். 16,384 பைட் துண்டுக்குச் சங்க்டு முறையின் கூடுதல் செலவு வெறும் 8 பைட்: 4000 என்ற நான்கு எழுத்து, இரண்டு வரிமுடிவுகளுக்கு நான்கு. ஒவ்வொரு பைட்டாக அனுப்பினால் ஒன்றுக்கு ஆறு பைட் போகும். ஆனால் நேரடியாக ஓடிக்கொண்டிருக்கும் தரவை அனுப்புபவருக்கு இந்தத் திரட்டல் தொல்லை. அவருக்காக அதை நிறுத்தும் வழி ஒன்று இருக்கட்டும்.


மூன்றாம்_மாடி பதிலளித்தது:

தூண்டில் சொன்னதோடு ஒன்று. நாளைக்கு எச்டிடிபி 2-க்கு மாறினால் இந்த வடிவம் முழுவதும் போய்விடும்; அங்கே சங்க்டு முறைக்குத் தடை, தரவு ஃபிரேம்கள் என்ற நீளம் குறித்த பொதிகளாகப் போகும். ஆனால் கம்பிவழி சொன்ன வேறுபாடு அங்கேயும் அப்படியே இருக்கிறது. முழுமையாக முடிந்தால் கடைசி ஃபிரேமில் எண்ட்-ஸ்ட்ரீம் கொடி, பாதியில் தவறினால் ஆர்எஸ்டி-ஸ்ட்ரீம் ஃபிரேம். அதனால் லைப்ரரியின் உள்ளே ‘முடி’, ‘கைவிடு’ என்று இரண்டு தனித்தனிச் செயற்கூறுகளை இப்போதே வைத்துவிட்டால், பிறகு அடியில் உள்ளதை மட்டும் மாற்றினால் போதும்.

வளரும் கோப்பைப் பற்றிச் சொன்னீர்கள். அந்தச் சேமிப்பு என்றாவது எஸ்3-க்கு மாறினால், அங்கே பலபகுதி ஏற்றம் இதற்குப் பொருந்தும்: முழு நீளம் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு பகுதியின் நீளமும் தெரியும். கடைசிப் பகுதியைத் தவிர மற்றவை குறைந்தது 5 மெகாபைட், மொத்தம் 10,000 பகுதிகள் வரை. ஒரு பகுதி அளவு நினைவகம் உங்கள் கருவியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.


நடுநிசி_நிரலர் பதிலளித்தது:

‘முடி’, ‘கைவிடு’ என்று பிரித்துவிட்டேன். இதைச் செய்ததும் பழைய ஃபைனலி எவ்வளவு தவறானது என்பது நிரலைப் படிக்கும் எவருக்கும் தெரியும்படி ஆகிவிட்டது. எழுத்துச் சரத்தை ஏற்பதை நிறுத்தினேன். சக ஊழியர் ஒரு நாள் முகம் சுளித்தார், பிறகு தம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். ஏற்றும் செயற்கூறு இப்போது ஜெனரேட்டரை உருவாக்கித் தரும் செயற்கூறை வாங்குகிறது.

413-ஐ நேற்று சோதித்தேன். என்ஜின்எக்ஸில் வரம்பை வேண்டுமென்றே குறைத்து, அதைவிடப் பெரிய கோப்பை அனுப்பினேன். முன்பு ‘இணைப்பு மீளமைக்கப்பட்டது’ என்று வந்த இடத்தில், பத்து முயற்சிகளில் ஒன்பதில் 413 சரியாகக் கிடைத்தது. பத்தாவதில் இணைப்பு மீளமைக்கப்பட்ட செய்தியே வந்தது. ஆர்எஸ்டி வந்தபோது என் பக்கப் பெறுதாங்கியில் (வந்த தரவு காத்திருக்கும் இடத்தில்) படிக்காமல் இருந்த பதிலும் அதோடு போய்விட்டது என்று புரிந்துகொள்கிறேன். அந்த நிலையில் லைப்ரரி மறுமுயற்சி செய்யாமல், உடற்பகுதி முழுதாகப் போகவில்லை என்று பெயரிட்ட தனி எக்செப்ஷனை எறிகிறது, எத்தனை பைட் எழுதிய பின் நின்றது என்ற எண்ணோடு.

சோதனைத் தொகுப்பில் இப்போது முதல் வரியே ‘வணக்கம்’. எதிர்பார்க்கும் விடை: 15⏎, 21 பைட், ⏎, 0⏎, ⏎.